எழுதியவரே வரைந்தவர்: சத்யஜித் ரேயைப் பற்றி வாழ்க்கைக் கட்டுரை எழுதும் முறை

சிறுவர்களுக்கான அறிவியல் புனைகதைகளை எழுதி, அவற்றுக்குத் தாமே படமும் வரைந்த ஒருவரின் வாழ்க்கையை எழுத விரும்புவோருக்குச் சத்யஜித் ரே மிகப் பொருத்தமானவர். ஆனால் அவருடைய திரைப்படங்கள் கட்டுரை முழுவதையும் விழுங்கிவிடக்கூடும் என்பதால், அவற்றுக்குச் சில வரிகளுக்கு மேல் இடம் தருவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அவர் கொல்கத்தாவில் 1921 மே 2 அன்று பிறந்தார் என்பதைவிட, அவருடைய குடும்பத்தின் அச்சகத்திலிருந்து தொடங்குவதே சிறந்தது. தாத்தா உபேந்திரகிஷோர் ராய்சவுத்ரி, புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் ஆய்வு செய்தவர். 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கி, அதில் எழுதவும் வரையவும் செய்தார். பின்னர் இதழை நடத்திய அவருடைய மகனும் சத்யஜித்தின் தந்தையுமான சுகுமார் ரேயும் அவ்வாறே இரண்டையும் செய்தவர். 1923இல் அவர் மறைந்தபோது சத்யஜித்துக்கு வயது இரண்டு. கதை எழுதுபவரே படமும் வரைவது அந்த வீட்டு வழக்கம் என்பதை வாசகருக்கு முதலிலேயே உணர்த்திவிட்டால், பின்னர் சொல்பவற்றை ஒரு மேதையின் விந்தைகளாக அவர் எண்ணமாட்டார்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் கற்ற ரே, 1943இல் டி. ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கு நூல் அட்டைகள் வரைந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்கு அவர் வரைந்த படங்கள்தாம் அவர் இயக்கி 1955இல் வெளிவந்த அதே பெயருள்ள திரைப்படத்துக்கு வித்திட்டன என்பதால், சினிமாவைக் குறிப்பிட இதுவே சரியான இடம்.

கட்டுரையின் பெரும்பகுதியை 1961ஆம் ஆண்டுக்கு ஒதுக்குங்கள். கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து ‘சந்தேஷ்’ இதழுக்கு ரே மறுவாழ்வு தந்ததும், பேராசிரியர் ஷோங்கு என்னும் கற்பனை விஞ்ஞானியை நாயகராகக் கொண்ட முதல் கதையை அதில் எழுதியதும் அந்த ஆண்டில்தான்; யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றதும் அதே ஆண்டு. செவ்வாய்க்கு ராக்கெட்டில் புறப்பட்ட ஷோங்குவின் நாட்குறிப்பு, சுந்தரவனத்தில் விண்கல் விழுந்த பள்ளத்தில் கிடைக்கிறது. தீயில் எரியாத, இழுத்தால் நீளும் அந்த ஏட்டை இறுதியில் எறும்புகள் தின்றுவிடுகின்றன. இந்தக் குறும்பு தந்தையிடமிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. சுகுமார் ரே எழுதிய ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’ என்னும் நையாண்டிக் கதையை அருகில் வைத்துப் படித்து, இரண்டிலும் ஒத்துவரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஷோங்கு கதைகளை வெளியான ஆண்டு வரிசையில் படிக்க வேண்டும். நிறைவுற்றவை 38, முற்றுப்பெறாதவை இரண்டு. தொடக்கத்தில் எதிரியைத் தும்மவைக்கும் பொடித் துப்பாக்கியோடு கிரிடி என்னும் ஊரில் வாழும் கோமாளித்தனமான விஞ்ஞானி, போகப்போக சாண்டர்ஸ், குரோல் என்னும் நண்பர்களோடு நாடு நாடாகச் செல்லும் பெரிய அறிஞராகிறார். இந்த மாற்றத்தோடு படங்களையும் ஒப்பிடுங்கள். வழுக்கைத் தலை, தாடி, மூக்குக்கண்ணாடி எனப் படத்தில் தெரிபவற்றில் எவற்றைக் கதையும் சொல்கிறது, எவற்றைப் படம் மட்டுமே சொல்கிறது என்று பார்த்தால், ஒரே கை இரண்டு வேலைகளையும் எப்படிப் பங்கிட்டது என்பது புலப்படும். பிறர் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த ஒப்பீடே.

வங்காளச் சிற்றூர் ஒன்றில் வேற்றுக்கிரகவாசி வந்திறங்கும் ‘பங்குபாபுவின் நண்பன்’ என்னும் ரேயின் மற்றொரு கதை 1962இல் வெளிவந்தது. வேற்றுக்கிரகவாசி பற்றி 1967இல் ரே எழுதிய திரைக்கதை படமாகவில்லை. பின்னாளில் வந்த ஹாலிவுட் படம் ஒன்றோடு அதை ஒப்பிட்டு எழுந்த சர்ச்சை சுவையானதுதான் என்றாலும், இரண்டு வரிகளில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரே வரைந்த படங்களைக் கட்டுரையோடு வெளியிட எண்ணினால் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். ரே மறைந்தது 1992இல். இந்தியச் சட்டப்படி படைப்பாளி மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், 2052ஆம் ஆண்டு முடியும்வரை அவை பொதுவுடைமை ஆகா.