கோடிங் நன்றாக வருபவர்களும் செய்யும் தவறுகள்

கோடிங் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் மென்பொருள் பொறியாளர்கள் செய்யும் பல தவறுகளுக்கு வேர்.

புதிய கருவிகளின் பின்னால் ஓடுவதை முதலில் சொல்லலாம். ஒரு காலத்தில் இணையத்தில் அனிமேஷன் என்றால் ஃபிளாஷ்தான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட்டது. 2021 முடிந்ததோடு, இணையச் செயலிகளை உருவாக்கும் கருவியான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு கூகுளின் ஆதரவும் முடிந்தது. ஆனால் 1970-களில் ஐபிஎம்மில் உருவாகி 1986-இல் தரநிலையான எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸில் தரவைத் தேடவும் சேர்க்கவும் பயன்படும் மொழி, இன்றும் எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. டேட்டாபேஸில் இன்டெக்ஸ் (தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை) போட்டால் தேடல் ஏன் வேகமாகிறது, அதே இன்டெக்ஸால் பதிவு சேர்ப்பது ஏன் மெதுவாகிறது என்று விளக்கத் தெரிந்தவர் எந்த ஃபிரேம்வொர்க்கையும் (செயலி கட்ட உதவும் ஆயத்தச் சட்டகம்) சீக்கிரம் பிடித்துக்கொள்வார். வேலை விளம்பரங்கள் கருவிகளின் பெயரைத்தானே கேட்கின்றன என்றால், சரி, அதற்காக ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒன்று தேவையில்லை.

அடுத்தது, "இந்தப் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதிவிடலாம்" என்ற ஆசை. திறமைசாலிகளுக்குத்தான் இது அதிகம் வரும். நெட்ஸ்கேப் நிறுவனம் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. அதன் பிரவுசரின் 4-ஆம் பதிப்பு 1997-இல் வந்தது. பெரும்பகுதியைப் புதிதாக எழுதத் தொடங்கியதில் 5-ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை. 6-ஆம் பதிப்பு வருவதற்குள் 2000 நவம்பர் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்துக்கொண்டது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் இல்லை என்றாலும், ஓடுகிற பந்தயத்தில் நின்று செருப்பு மாற்றியது போலத்தான் ஆயிற்று.

பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் நிபந்தனைகள் பலவும் யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து பக்குகளை (பிழைகளை) சரிசெய்ததன் அடையாளங்கள். அதனால் கை வைப்பதற்கு முன் கமிட் வரலாற்றை, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவை, படியுங்கள். அந்த நிரல் இப்போது செய்யும் வேலையைச் சரிபார்க்கும் டெஸ்ட் எழுதுங்கள். அப்புறம் துண்டு துண்டாக மாற்றுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பழையது இத்தனை நாள் ஓடியதே என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியான் 4-இல் நன்றாக ஓடிய நிரலை அப்படியே எடுத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஒரு 64 பிட் எண் 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. நிரல் அதேதான், சூழல் மாறியிருந்தது.

தவறு நடந்தால் மறைப்பது இன்னொன்று. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் இணையச் சேவையான கிட்லேப்பில் ஒரு பொறியாளர் ஒரு சர்வர் என்று நினைத்து வேறு சர்வரில், அதாவது முதன்மை டேட்டாபேஸில், கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் 6 மணி நேரத் தரவு போனது. நிறுவனம் எல்லாவற்றையும் வெளிப்படையாகவே எழுதியது. அழித்துவிட்டோம் என்று உடனே சொல்பவரால்தான் மிச்சத்தையாவது காப்பாற்ற முடியும். பேக்கப் விஷயத்திலும் ஒன்று: அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்காதவரை அது இருப்பதாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

ஒரு மாட்யூல் (நிரலின் ஒரு பகுதி) எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பெருமைப்படுவதும் வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு லீவும் கிடைக்காது, வேறு நல்ல வேலைக்கு மாற்றவும் மாட்டார்கள். மேனேஜர் பதவியை யோசிக்காமல் ஏற்பதும் ஒரு தவறுதான். அது பதவி உயர்வு என்று தோன்றினாலும் உண்மையில் வேறு தொழில். மனிதர்களோடு மணிக்கணக்கில் பேசப் பிடிக்காதவர்கள் முதன்மைப் பொறியாளர் போன்ற தொழில்நுட்பப் பாதை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது, ஏஐ எழுதித் தந்ததைப் படிக்காமல் சேர்ப்பது. ஏஐயைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் சக பொறியாளர் நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்த நிரலை இன்னும் அனுப்பாதீர்கள்.