முதலில் ஓவியம், பிறகு செடி: அடியில் இரண்டு அடி விட்டுவிடுங்கள்

கவனிப்பாரற்ற மூலையைத் தோட்டமாக்கி, சுவரிலும் ஓவியம் தீட்டப் போகிறீர்கள் என்றால் சுவர் வேலையை முடித்துவிட்டே செடி நடுங்கள். ஓவியத்தைத் தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேலே தொடங்குங்கள். கீழே மண் நிறத்தில் ஒரு பட்டை அடித்தால் போதும்.

மழையிலும் தண்ணீர் ஊற்றும்போதும் சேறு தெறிப்பது அந்த அடிப்பகுதியில்தான். தரையின் ஈரம் ஏறி பெயிண்ட் முதலில் உரிவதும் அங்கேதான். செடி வளர்ந்தால் எப்படியும் அந்த இடம் மறைந்துவிடும்; அங்கே செலவழிக்கும் பெயிண்டும் உழைப்பும் வீண். வரிசை மாறினால் ஏணியின் கால் நாற்றுகளை நசுக்கும், சுவரைச் சுரண்டிய தூள் பாத்தியில் கலக்கும். செடிகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி நடுங்கள். பின்னாளில் ஓவியத்தைச் சரிசெய்ய வருபவர் நிற்க இடம் வேண்டும் அல்லவா?

சுவரைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடிகளுக்கு இந்த யோசனை உதவாது. அவை முழு ஓவியத்தையும் மூடிவிடும். பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

சுவர் மிகப் பழையது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டவே கூடாது. அந்தச் சுவரடி மண்ணில் கீரையோ காய்கறியோ போடாதீர்கள். வேறு மண் நிரப்பிய தொட்டிகளில் வளர்க்கலாம். குழந்தைகள் மண்ணில் கைவைத்து விளையாடும் இடம் என்பதால் இதை மட்டும் தயவுசெய்து தளர்த்தாதீர்கள்.