ஓம், வாட் கணக்குல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயரிங் வேலைக்குப் புதுசா வர்ற பசங்க கணக்கு போடுறத பக்கத்துல நின்னு பாத்துட்டே இருக்கேன். ஃபார்முலா எல்லாருக்கும் மனப்பாடம், வோல்டேஜ ஆம்பியரால வகுத்தா ஓம், ரெண்டையும் பெருக்கினா வாட், அதுல யாரும் தடுமாறுறதில்ல. ஆனா எந்த வோல்டேஜ், எங்க அளந்த வோல்டேஜ்னு ஒரு நிமிஷம் யோசிக்காம நம்பர தூக்கிப் போட்டுடுறாங்க. மில்லி ஆம்பியர ஆயிரத்தால வகுக்க மறக்குறது, மீட்டர தப்பான ரேஞ்ச்ல வைக்குறது எல்லாம் ரெண்டு தடவ அடிபட்டா தானா போயிடும், அத விட்டுடறேன்.

எங்க பாத்தாலும் 230 போடுறது

வீட்டு சப்ளை 230 வோல்ட்ங்கறதால எல்லா இடத்துக்கும் அதையே கணக்குல போட்டுடுறாங்க. இது ஒண்ண மட்டும் என்னால இன்னும் பொறுத்துக்க முடியல, ஏன்னா இதுல வீடே எரியும்.

ஒரு வீட்ல 2000 வாட் கீசர், சாக்கெட் உருகி பிளக் டாப்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முன்னாடி வந்த ஒயர்மேன் சாக்கெட்ட மாத்திட்டுப் போயிருக்காரு, மறுபடி கருகவும் "லோடு தாங்கல"ன்னு சொல்லி 16 ஆம்பியர் எம்சிபிய (கரண்ட் அளவு மீறினா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) எடுத்துட்டு 25 போட்டுட்டாரு, ஒயர் தோல் கருகி பைப்புக்குள்ள கொஞ்ச தூரம் வரைக்கும் போயிருந்துச்சு. சாக்கெட்ல ஒயர பிடிக்குற ஸ்க்ரூ லூஸா இருந்ததுதான் காரணம்னு காட்டினேன். கூட வந்த தம்பி பாலிடெக்னிக் முடிச்சவன், நல்லா படிச்சவன், அவன் கேக்குறான், "அண்ணே, லூஸ் கனெக்ஷன்னா ஓம் கூடுது, வி ஸ்கொயர் பை ஆர் (வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ ஓம்) படி பாத்தா ஓம் கூடக்கூட வாட் குறையணுமே, அப்புறம் எப்படிண்ணே சூடாகும்?"

இந்தக் கேள்விய நிறைய பேர் கேக்கறதே இல்ல, மனசுக்குள்ள தப்பான பதில வச்சுக்கிட்டே எம்சிபிய மாத்திட்டுப் போயிடுறாங்க. அந்த ஃபார்முலாவுல வர்ற வி, நீங்க கணக்கு போடுற பொருளோட ரெண்டு முனைக்கு நடுவுல விழுற வோல்டேஜ். லூஸ் ஸ்க்ரூவுக்கு 230 எங்க கிடைக்குது? அது கீசரோட சீரிஸ்ல, அதாவது ஒரே கரண்ட் ரெண்டு வழியாவும் வரிசையா போற மாதிரி உக்காந்திருக்கு, கரண்ட் எவ்வளவுன்னு முடிவு பண்றது கீசர்.

நம்பர் போட்டே பாருங்க. 2000 வாட்ட 230ஆல வகுத்தா 8.7 ஆம்பியர், கீசர் எலிமெண்ட் 26.45 ஓம். ஸ்க்ரூ லூஸாகி அந்த இடத்துல 0.2 ஓம் வந்துடுச்சுன்னு வைங்க. 8.7 × 0.2, அதாவது 1.74 வோல்ட்தான் அங்க விழுது. 1.74 × 8.7 போட்டா 15 வாட். ஐ ஸ்கொயர் ஆர் (ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்) போட்டாலும் அதே 15, வி ஸ்கொயர் பை ஆர்ல 1.74 போட்டாலும் அதே 15தான், 230ஐ போட்டா மட்டும் 2,64,500 வாட்னு வரும், அந்த நம்பர பாத்ததுமே கைய எடுத்திருக்கணும். அதே ஜாயிண்ட் இன்னும் கருகி 0.5 ஓம் ஆச்சுன்னா கரண்ட் லேசா இறங்கி 8.5 ஆகுது, ஆனா சூடு 36 வாட்டுக்கு ஏறிடுது. நாம சால்டர் வைக்கிற அயர்ன் 25 வாட், அத விட அதிகமா ஒரு ஸ்க்ரூ முனையில பிளாஸ்டிக்குக்குள்ள எரியுது.

15 வாட் என்ன பெருசான்னு கேக்கலாம். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் கிலோமீட்டருக்கு சுமார் 7.4 ஓம், எம்சிபி எல்லாம் இருக்குற டிபி பாக்ஸ்ல இருந்து 20 மீட்டர்னா போக வர 40 மீட்டர், (திரும்பி வர்ற நியூட்ரல கணக்குல விடுறவங்களும் நிறைய) ஏறக்குறைய 0.3 ஓம், 22 வாட். அது 40 மீட்டர் முழுக்கப் பரவிப் போறதால தொட்டாலும் பெருசா தெரியாது. 15 வாட் ஒரே ஸ்க்ரூவுல நிக்குது, அதான் உருகுது.

இதுல பயங்கரம் என்னன்னா எம்சிபி ட்ரிப் ஆகாது, கரண்ட் கூடவே இல்லையே, குறைஞ்சுதானே இருக்கு. ஆர்சிசிபியும் (கரண்ட் லீக் ஆனா ஆஃப் ஆகுற சுவிட்ச்) ட்ரிப் ஆகாது, எர்த்துக்கு லீக்கேஜ் இல்ல. அதனால எம்சிபிய பெருசாக்குறது எந்த விதத்துலயும் மருந்து கிடையாது, அந்த ஒயருக்கு இருந்த கொஞ்ச பாதுகாப்பையும் புடுங்கிப் போடுற வேலை.

ஓம் ரேஞ்ச்ல வச்சு இந்த 0.2வ பிடிக்க முடியாது, மீட்டரோட புரோப் ஒயருக்கே அவ்வளவு ஓம் இருக்கும். லோடு ஓடுறப்ப எம்சிபி முனையில ஒரு தடவ, சாக்கெட்ல ஒரு தடவ வோல்டேஜ் பாருங்க, வித்தியாசத்த கிளாம்ப் மீட்டர் (ஒயர சுத்திப் பிடிச்சு கரண்ட் அளக்குறது) காட்டுற ஆம்பியரால வகுங்க. ஒயருக்குக் கணக்குல வர்றத கழிச்சா மீதி ஜாயிண்ட்டோடது. லைவ்ல அளக்குற வேலை இது, நல்ல மீட்டர் இல்லாம, கத்துக்கொடுக்குற ஆள் பக்கத்துல இல்லாம புதுசா வந்தவங்க கை வைக்கவே கூடாது. மெயின ஆஃப் பண்ணிட்டு ஸ்க்ரூவ டைட் பண்ணிப் பாக்குறது எல்லாராலயும் முடியும்.

குண்டு பல்ப மீட்டர்ல அளந்து வாட் சொல்றது

100 வாட் பல்ப எடுத்து அளந்தா 40 ஓமுக்குப் பக்கத்துல காட்டும், கணக்குப்படி 1300 வாட்டுக்கு மேல வரும். எரியும்போது உள்ள இருக்குற டங்ஸ்டன் இழை 2500 டிகிரிய தாண்டி சூடாகி 529 ஓம் ஆயிடுது. சுவிட்ச் போடுற அந்த நொடியில பல்ப் பொசுக்குனு போறதுக்கும் பெரும்பாலும் இந்தக் குளிர்ந்த ஓம்தான் காரணம். கீசர், அயர்ன் பாக்ஸ்ல இருக்குற நிக்ரோம் கம்பி இவ்வளவு மாறாது, அதுல மீட்டர நம்பலாம்.

வோல்டேஜ் இறங்குற அளவுதான் வாட்டும் இறங்கும்னு நினைக்குறது

ஸ்கொயர மறந்துடுறாங்க. அதே கீசருக்கு 180 வோல்ட் வந்தா 1225 வாட்தான். வோல்டேஜ் 22 சதவீதம் குறைஞ்சா வாட் 39 சதவீதம் போயிடுது, தண்ணி சூடாக ஒன்றரை மடங்குக்கு மேல நேரம் எடுக்கும், உடனே எலிமெண்ட் போச்சுன்னு கழட்டாதீங்க.

மோட்டார் வைண்டிங் ஓம வச்சு கரண்ட் கண்டுபிடிக்குறது

வராது. ஏசில காயிலோட இண்டக்டன்ஸும் (கரண்ட் மாறுறத எதிர்க்குற குணம்) சேந்து தடுக்குது, மோட்டார் சுத்த ஆரம்பிச்சா பேக் இஎம்எஃப் வேற, அதாவது மோட்டாரே சப்ளைக்கு எதிரா உண்டாக்குற வோல்டேஜ்.

மோட்டாருக்கு வோல்டேஜ் × ஆம்பியர் = வாட்

அது விஏ (வோல்ட் ஆம்பியர்). பவர் ஃபேக்டரால (விஏல நிஜமான வாட் எவ்வளவு பங்குங்கற நம்பர்) பெருக்கினாத்தான் வாட். 1 ஹெச்பின்னா 746 வாட்னு சொல்றதும் ஷாஃப்ட்ல வெளிய வர்ற பவர், உள்ள இழுக்குறது அத விட அதிகம்.

கால் வாட் ரெசிஸ்டர்

12 வோல்ட் பேட்டரியில 1 வாட் எல்இடி போட்டா எல்இடிக்கு 3.2 வோல்ட், மிச்சம் 8.8 ரெசிஸ்டர் மேல விழும், 0.35 ஆம்பியருக்கு 25 ஓம், 3 வாட். கையில கிடைக்குற கால் வாட் ரெசிஸ்டர போட்டா கருகிடும், அங்க 5 வாட் ரெசிஸ்டர் போடுங்க.