மச்சானோடு செய்த கூட்டு வியாபாரம் பிரிகிறதா? முதலில் கடதாசியைத் தேடுங்கள்

கிழக்கிலங்கையில், கல்முனைக் கடைகளிலும் சம்மாந்துறை அரிசி ஆலைகளிலும் அண்ணன் தம்பி, மாமா மருமகன், மச்சான்மார் என்று சேர்ந்து முதல் போட்டவர்கள் பலர். "சொந்தத்துக்குள்ள என்னத்துக்குக் கடதாசி" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு வழக்குத் தோற்பதும் அந்த இடத்தில்தான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமையை நிலைநாட்ட எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். இன்று ஒரு பெட்டிக்கடைகூட இந்த எல்லையைத் தாண்டிவிடும். நொத்தாரிசு தேவையில்லை, பங்காளர் எல்லோரும் கையெழுத்திட்ட சாதாரணக் கடதாசி போதும். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழை மட்டும் ஒப்பந்தமாக நம்பியிருக்க வேண்டாம். இன்னும் முகம்பார்த்துப் பேசும் நிலை இருந்தால், கோரிக்கைக் கடிதம் அனுப்புவதற்கு முன் இதை எழுதி வாங்குங்கள்: யார் எவ்வளவு போட்டது, இலாபம் எந்த விகிதம், யாருக்குச் சம்பளம், காணி யாருடையது, விலகுபவரின் பங்கை எப்படி விலைபோடுவது.

எழுத்து இருந்தும் இந்த விடயங்கள் அதில் இல்லையென்றால், ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் அந்த இடத்தை நிரப்புகிறது. 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக அது இங்கேயும் செல்லும். பலர் அதிர்ந்துபோவது இங்கேதான். ஒருவர் 80 இலட்சமும் மற்றவர் 20 இலட்சமும் போட்டிருந்தாலும் இலாபமும் நட்டமும் சரிபாதி. விடியற்காலை முதல் கடையில் நின்றவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பெரும்பான்மை சேர்ந்து ஒருவரை வெளியே தள்ளவும் முடியாது.

இனி இருப்பு. சண்டை வெளியே தெரிந்த அன்றே எண்ணத் தொடங்குங்கள், இரண்டு கிழமை போனால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆலையென்றால் நெல் மூடைகளை எண்ணினால் மட்டும் போதாது, நிறுக்க வேண்டும். ஈரப்பதனையும் குறித்துக்கொள்ளுங்கள்: 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நெல் காயக்காய நிறை குறையும், அந்தக் குறைவு பிறகு "களவு" என்று பேசப்படும். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசி வரவேண்டும். கொள்முதல் பற்றுச்சீட்டோடு விற்பனையை ஒப்பிட்டால் எங்கே ஓட்டை என்று தெரியும். தவிடு, உமி விற்ற காசு பெரும்பாலும் எந்தக் கொப்பியிலும் ஏறாது. அதைத் தனியாகக் கேளுங்கள். எண்ணி முடித்த ஒவ்வொரு தாளிலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் இரண்டு சாட்சிகள் போதும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், தொலைபேசியையும் மாற்றாதீர்கள்.

வங்கிக்கு எழுதும்போது அவதானம் வேண்டும். "இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம்" என்று கேட்பது சரி. ஆனால் தகராறு என்று தெரிந்ததும் வங்கி கணக்கையே நிறுத்திவைக்கலாம். பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகள் திரும்பினால் பொறுப்பு இருவர் தலையிலும் விழும். அவற்றின் பட்டியலை முதலில் எடுங்கள்.

காலவரையறை இல்லாத கூட்டு என்றால் ஒருவர் அறிவித்தல் கொடுத்தே கலைக்கலாம். எழுத்தில், திகதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கணக்கு அந்தத் திகதியோடு வெட்டப்படும். சரக்குத் தரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள், இல்லாவிட்டால் அதன்பிறகு மச்சான் வாங்கும் கடனும் உங்களைத் தேடிவரும். பங்கீட்டில் முதலில் வெளிக்கடன், அடுத்து பங்காளர் கொடுத்த கடன், பிறகு மூலதனம், மிஞ்சியது இலாப விகிதப்படி.

மட்டக்களப்புப் பக்கம் மிகச் சிக்கலானது காணி. ஆலையோ கடையோ தங்கச்சியின் சீதனக் காணியில் நிற்கும், உறுதி அவவின் பெயரில் இருக்கும். வியாபாரக் காசில் கட்டினோம் என்பதற்காகக் காணி கூட்டுச் சொத்தாகிவிடாது. கட்டடச் செலவைக் கேட்கலாம். அதற்குச் சீமெந்து, கம்பிப் பற்றுச்சீட்டுகளும் வங்கிக் கடன் பத்திரமும் வேண்டும். அவவைக் கேட்காமல் ஆண்கள் மட்டும் இருந்து முடித்த சமாதானம் நிலைக்காது.

பங்காளர் இறந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, கூட்டுக் கலையும். வாரிசுகளுக்குப் பங்கின் பெறுமதி மட்டுமே. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இங்குள்ள தமிழருக்குச் செல்லாது: மரணசாதனம் இல்லையென்றால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டம்.

பொலிஸ் முறைப்பாட்டால் கணக்குத் தீராது. சிறிய தொகைக்கு மத்தியஸ்த சபை, மற்றதற்கு மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மாவட்ட நீதிமன்றங்கள். கணக்குக் காட்டும்படி கேட்கும்போதே சொத்தை விற்காதிருக்க இடைக்காலத் தடைக் கட்டளையும் கேளுங்கள். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும், வாய்மொழி வாக்கென்றால் 3 ஆண்டுகள்தான். ஊர்ப் பெரியவர்களின் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நின்றுவிடாது.