வாடகைக்குக் குடியிருந்தாலும் உங்கள் வார்டில் உங்கள் பேச்சு எடுபட என்ன செய்ய வேண்டும்

மதுரையில் ஒரு தெருவில் குழாய்த் தண்ணீர் நாலு நாள் வரவில்லை என்றால் முதலில் தவிப்பது வாடகைக்கு இருப்பவர்கள்தான். ஆனால் கவுன்சிலரைப் பார்க்கக் கிளம்புகிற கூட்டத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். "நமக்கு எதுக்குங்க, நாளைக்கே காலி பண்ணச் சொன்னா போகணும்" என்று ஒதுங்கிவிடுவார்கள், சொந்த வீட்டுக்காரர்களும் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம், செல்லூர் பக்கமெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் பல குடும்பங்கள் வாடகைக்கும் ஒத்திக்கும் இருக்கின்றன, அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தத் தெருவுக்கு என்ன தேவை என்று வீடு வைத்திருக்கிற சிலர் மட்டுமே முடிவு செய்வார்கள். இது நியாயமில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் வேலை, நீங்கள் இப்போது குடியிருக்கிற வீட்டு முகவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான். நம் ஆட்களில் நிறையப் பேர் பத்து வருஷமாக மதுரையில் இருந்துகொண்டு ஓட்டை மட்டும் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ சொந்த ஊரில் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பாசம் புரிகிறது. ஆனால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் என்று கொள்ள முடியாது. அதாவது, எங்கே பட்டா இருக்கிறது என்பதை வைத்து ஓட்டு இல்லை, எங்கே வாழ்கிறீர்கள் என்பதை வைத்துத்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பிடிமானம் வேறு இல்லை. இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பதும் சட்டப்படி தவறு.

ஏற்கெனவே வேறு எங்காவது பெயர் இருந்தால் படிவம் 8, முதல் முறை என்றால் படிவம் 6. செல்லூரிலிருந்து திருநகருக்கு மாறினாலும் படிவம் 8 கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ கொடுக்கலாம், இல்லாவிட்டால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம், பெரும்பாலும் அவர் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். 2025 கடைசியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு மாறிய ஏராளமானவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன, அதனால் "எனக்கு ஓட்டர் ஐடி இருக்கு" என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கார்டு கையில் இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது.

முகவரிச் சான்றில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், அது உதவாது. உங்கள் பெயரில் உள்ள கேஸ் பில், புது முகவரி மாற்றிய ஆதார், வங்கி பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், இதில் ஏதாவது ஒன்று வேண்டும். நான் சொல்வேன், பாஸ்புக் முகவரியை முதலில் மாற்றுங்கள், அதுதான் சுலபம். எதுவுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பம் கொடுங்கள், நேரில் வந்து விசாரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வருகிறவரிடம் பக்கத்து வீட்டார் சொல்லும் வார்த்தை முக்கியம், அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருக்கட்டும்.

சில வீட்டுக்காரர்கள் "இந்த முகவரியில ஓட்டு எல்லாம் போடாதீங்க, அப்புறம் வீட்டுல பாத்தியதை கேப்பீங்க" என்பார்கள். அண்ணாச்சி, அக்கா, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வாக்காளர் பட்டியலில் பெயர் வந்தால் வீட்டின் மீது ஒரு செங்கல் அளவுக்குக்கூட உரிமை வராது. உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. இரண்டு பக்கத்துக்கும் அது நல்லது.

சரி, பெயர் வந்துவிட்டது. அடுத்து பகுதி சபை. கிராமத்தில் கிராம சபை இருப்பது எல்லோருக்கும் தெரியும், நகரத்திலும் அப்படி ஒன்று இருப்பது மதுரையிலேயே பலருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். சொத்து வரி ரசீது யாரும் கேட்க முடியாது. பகுதிக்கு ஒருவர் வீதம் வார்டு குழுவில் இருப்பார், கவுன்சிலர் அதற்குத் தலைவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூட வேண்டும். மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள், உங்கள் வார்டு எண் தெரியாவிட்டால் வீட்டுக்காரரின் வரி ரசீதைப் பாருங்கள் அல்லது மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கும்போதே அடுத்த பகுதி சபை எப்போது, எங்கே, உங்கள் பகுதியின் வார்டு குழு உறுப்பினர் யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சபைக்குத் தனியாகப் போகாதீர்கள். காம்பவுண்டில் இருக்கிற நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள், பெண்கள் கட்டாயம் வரட்டும், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, குப்பை வண்டி எந்த முனையோடு திரும்பிவிடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். ஒரே கோரிக்கையை எடுத்துக்கொண்டு, தெருப் பெயர், மின்கம்ப எண், சாக்கடை அடைத்திருக்கிற இடம் என்று குறிப்பாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பேசிவிட்டு வந்தால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். புத்தகத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

தெருவில் குடியிருப்போர் நலச்சங்கம் இருந்தால் அதன் பைலாவை, அதாவது சங்க விதிகளை, கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டு உரிமையாளர் மட்டும்தான் உறுப்பினர் என்று இருந்தால், சிறப்புத் தீர்மானம் போட்டு மாற்றி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். என் கருத்து, குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்று குடும்பம் இருந்தால் மூன்று ஓட்டு. வாட்ச்மேன் சம்பளம், தெருவிளக்கு, சாக்கடை மாதிரி தினசரி விஷயத்தில் குடியிருப்பவர் சொல்லுக்கு முழு மதிப்பு வேண்டும். புதிதாக போர்வெல் போடுவது மாதிரி பெரிய செலவில் பணம் போடுகிற உரிமையாளர் ஓட்டுக்கு முன்னுரிமை கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலர் தேர்தலில் நிற்கவும் சொந்த வீடு தேவையில்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த நகரத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு. கடந்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது, பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள், அதனால் பட்டியல் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பகுதி சபை கூட்டவே இல்லை, அல்லது தீர்மானம் அப்படியே கிடக்கிறது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: எங்கள் பகுதியில் கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதியில் சபை நடந்தது, தீர்மானங்களின் நகல், ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், அங்கேயும் காம்பவுண்டு ஆட்களோடு சேர்ந்தே போங்கள்.