பீரைச் சுவைத்து மதிப்பெண் இடுவது எப்படி?

பெங்களூரு இந்திராநகர் நூறடிச் சாலையில் 2010-இல் டாய்ட் என்னும் மதுக்கூடம் திறக்கப்பட்டது முதல், கடைக்குள்ளேயே காய்ச்சி அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கும் பீர் அந்நகரத்தாருக்குப் பழகிய ஒன்றாகிவிட்டது. இத்தகைய மைக்ரோபுரூவரிகளில் கோதுமை பீர், சிவப்பு ஏல், கருநிற ஸ்டவுட், கசப்பு மிகுந்த ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என நான்கைந்து வகைகள் ஒரே மேசையில் வந்து நிற்கும். அவற்றுள் எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலோர் தமக்குப் பிடித்ததையே சுட்டுவார்கள். கசப்பு பிடிக்காத ஒருவர், குறையில்லாமல் காய்ச்சிய ஐபிஏ ஒன்றுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டுவிட்டு எழுந்து போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காய்ச்சியவரின் உழைப்புக்கு அது நியாயமாகாது. ஒரு பீர் எந்த வகையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ, அந்த வகைக்கு அது எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சுவைக்கப் போகும் நாளில் அத்தர், வாசனைத் திரவியம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். முந்தைய ஒரு மணி நேரத்தில் காபி, வெற்றிலை, காரமான உணவு எதுவும் வேண்டாம்; மிளகாயின் எரிச்சல், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சுவையைச் சரியாக உணரவிடாது. முழுக் கோப்பைக்குப் பதிலாகச் சிறு கோப்பைகள் அடுக்கிய மாதிரித் தட்டைக் கேளுங்கள். அதில் மென்மையானதிலிருந்து கடுமையானதை நோக்கிச் செல்ல வேண்டும். டாய்ட்டில் என்றால் அரிசி சேர்த்துக் காய்ச்சும் பாஸ்மதி பிளாண்டில் தொடங்கி, கோதுமை பீருக்கும் பிறகு கருநிற வகைகளுக்கும் போகலாம். எங்கே குடித்தாலும் ஐபிஏவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் கசப்பு நாக்கில் தங்கி, அடுத்து வரும் எதையும் சுவையற்றதாக்கிவிடும். இடையிடையே குளிரூட்டாத தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும் போதும். ஐந்து வகைகளுக்கு மேல் மூக்கு களைத்துவிடும் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

கோப்பை வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்சுவரில் குமிழ்கள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும் என்பதால் வேறு கோப்பை கேட்கத் தயங்க வேண்டாம். கலங்கல் தன்னளவில் குற்றமன்று. ஈஸ்ட் மிதக்கும் பவேரியக் கோதுமை பீர் கலங்கியே இருக்க வேண்டும். பில்ஸ்னர் என்னும் வெளிர்நிற பீர், வடிகட்டிய பிறகும் கலங்கியிருந்தால்தான் கேள்வி எழும்.

பீரின் பெரும்பகுதிச் சுவை மணத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே நிதானம் தேவை. கோப்பை வந்தவுடன், நுரை அடங்குமுன், ஒருமுறை சுருக்கமாக முகர்ந்துவிடுங்கள், ஏனெனில் சில மணங்கள் ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். பிறகு உள்ளங்கையால் கோப்பையின் வாயை மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்து மீண்டும் முகருங்கள். மிகவும் சில்லென்று வந்தால் மணம் அடைபட்டிருக்கும். கைச்சூட்டில் பத்து நிமிடம் வைத்திருந்தால் ஸ்டவுட்டின் வறுத்த காபி மணமும் சாக்லேட் மணமும் தாமே எழுந்து வரும். தோன்றியதை உடனே எழுதுங்கள், மேசையில் எவரும் வாய் திறப்பதற்கு முன்பாக. ஒருவர் “வாழைப்பழ வாசனை” என்று சொல்லிவிட்டால் அதன்பின் எல்லோர் மூக்கிலும் வாழைப்பழமே இருக்கும்.

கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது குறையா, நிறைவா? நிறைவுதான். பவேரியாவில் 1516-இல் இயற்றப்பட்ட தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகியவற்றை மட்டுமே பீருக்கு அனுமதித்தது. பிற்பாடு கோதுமைக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் பவேரியக் கோதுமை பீரில் மசாலாப் பொருள் சேர்ப்பதில்லை. அந்தக் கிராம்பு மணம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்ததன்று. அந்த வகைக்கே உரிய ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்குவது. பெல்ஜியத்தின் விட் என்னும் கோதுமை பீரிலோ கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் வெளியிலிருந்தே சேர்க்கப்படுகின்றன. ஒரே கோதுமை, இரு வேறு நியாயங்கள். வகையை அறியாமல் மதிப்பெண் இட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான குறைகளுக்கும் தனித்தனி மணங்கள் உண்டு. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் போல மணந்தால் அது டயசெட்டில் என்னும் வேதிப்பொருள். நொதித்தலின்போது ஈஸ்ட் இதை வெளிவிட்டுப் பின்னர் தானே மீண்டும் உட்கொள்ளும். அதற்கு அவகாசம் தராமல் அவசரமாகக் குளிரூட்டினால் எஞ்சிவிடும். பச்சை ஆப்பிள் மணம், பீர் முதிருமுன்பே கோப்பைக்கு வந்துவிட்டதைக் காட்டும். வேகவைத்த மக்காச்சோளம் அல்லது முட்டைக்கோஸ் மணம், மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் சாற்றைத் திறந்த நிலையில் போதிய வேகத்தில் கொதிக்க வைக்காததால் பெரும்பாலும் வருவது. நனைந்த அட்டைப் பெட்டி போல மணந்தால் காற்று பட்டுப் பழசாகியிருக்கிறது. ஓரிடத்தில் நான் சுவைத்த நான்கு வகைகளிலும் ஒரே வெண்ணெய் மணமும் இலேசான காடிப் புளிப்பும் இருந்தன. ஒரு பீரில் மட்டும் குறையிருந்தால் காய்ச்சியதில் தவறு இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே குறை தென்பட்டால் குழாய்களைச் சுத்தம் செய்யவில்லை என்றே முதலில் ஐயப்பட வேண்டும். அந்த வேறுபாட்டைக் குறிப்பில் எழுதிவைப்பது காய்ச்சியவருக்கு நாம் செய்யும் நியாயம்.

சுவைக்கும்போது ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கு முழுதும் பரவவிட்டு, விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை வெளிவிடுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் படத்தில் காட்டியது தவறு. எல்லாச் சுவையும் எங்கும் உணரப்படும். ஆனாலும் விழுங்கினால்தான் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, தொண்டையில் உலர்கிறதா இனிக்கிறதா என்பது தெரியும். மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று கேளுங்கள். வாயில் அதன் கனம், வாயுவின் குறுகுறுப்பு ஆகியவற்றைத் தனியே குறியுங்கள். நைட்ரஜன் ஏற்றிய ஸ்டவுட் பாலாடை போல வழுவழுப்பாக இருப்பது அவ்வாயுவின் நுண்குமிழ்களால்.

மதிப்பெண்ணுக்கு, அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் பகுப்பையே பரிந்துரைக்கிறேன்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த நிறைவுக்கு 10, ஆக 50. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதே இதன் அறிவு. அழகான நுரை ஒரு மோசமான பீரைக் காப்பாற்றக் கூடாது. கிராம்பு மணம் தெளிவாக இருந்து, வாயு சற்றுக் குறைந்த கோதுமை பீர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மணம் 10, தோற்றம் 3, சுவை 15, வாயுணர்வு 3, நிறைவு 7 என்றால் 38 வரும். அத்திட்டத்தின் அளவில் 38 முதல் 44 வரை மிகச் சிறந்த பீர். 21-க்குக் கீழே போனால் தெரியும்படியான குறை உண்டு.

இந்த எண்ணுக்குப் பக்கத்தில், உங்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பதை ஐந்துக்கு இத்தனை என்று வேறொரு கட்டத்தில் எழுதுங்கள், இரண்டையும் கூட்டாதீர்கள். தேதியையும் தவறாமல் குறியுங்கள். கடைக்குள்ளேயே காய்ச்சும் பீர் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சற்றே மாறும். சென்ற மாதத்து 38 இந்த மாதத் தொட்டிக்குப் பொருந்தாமல் போகலாம். முடிந்தால் அடுத்த முறை, நண்பர் கோப்பைகளை இடம் மாற்றி வைக்க, பெயர் தெரியாமல் அதே வகைகளைச் சுவைத்து, பழைய தாளைப் பிறகு எடுத்துப் பாருங்கள்.