புதுக் கடல் சாமந்தி தொட்டியில் ஒட்டிக்கொள்ள

கடல் சாமந்தியை, அதாவது பூப்போல இருக்கும் அனிமோன் என்ற கடல் பிராணியை, தொட்டியில் விடும் முன் அலை பம்பை நிறுத்துங்கள். ஃபில்டர் மட்டும் ஓடட்டும். ஒட்டாத சாமந்தி உருண்டுபோய் பம்பில் சிக்கிக் கிழிந்தால், சின்னத் தொட்டியில் தண்ணீரே கெட்டு மீன்களும் செத்துவிடும். கடைத் தண்ணீரோடு உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்குங்கள். அப்புறம் பாறை இடுக்கின் மேல், ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகமான பாதம் கீழே வரும்படி மெதுவாக வையுங்கள். பபிள் டிப் வகைக்கு இடுக்கு ரொம்பப் பிடிக்கும். பாதத்தை உள்ளே நுழைத்துக்கொண்டு, குமிழ் நுனிக் கைகளை மட்டும் வெளியே விரிக்கும்.

ஓரிரு நாள் இடம் தேடி ஊர்ந்தால் பதறவேண்டாம். தயவுசெய்து பிய்த்து இழுக்காதீர்கள், பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். நன்றாக ஒட்டிய பிறகு, அலை பம்புக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டி மறுபடி ஓடவிடுங்கள். தீனி அதற்கு அப்புறம்தான்.